சூடு இறங்கும் வேளையில் பூசுங்கள்

அத்தியாயம் 6: நூல்கட்டின் மேல்பூச்சில் காற்றுக்குமிழ் விழாமல் காப்பது

சென்ற அத்தியாயத்தில் சொன்னபடி கட்டியிருந்தால், கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு வைரக் கட்டு இப்போது உங்கள் தூண்டில் கோலில் இருக்கும். மூன்று நான்கு நிற நூல்கள், எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான குறுக்கோட்டங்கள், இரண்டு மூன்று இரவுகளின் உழைப்பு. இனி அதன் மேல் எபாக்ஸி பூச வேண்டும். அது அரை மணி நேர வேலை. கட்டு கெடுவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

குமிழைச் சிலர் அழகுக் குறை என்று மட்டும் நினைக்கிறார்கள். மூன்று இரவு கண்விழித்துக் கட்டியவருக்கு அந்தக் குறையே போதும். ஆனால் தூண்டில் நரம்பு ஓடும் வளையமான கைடின் கால் ஓரத்தில் நிற்கும் குமிழ் செய்யும் கேடு அழகோடு முடிவதில்லை. அது ஒரு காலி அறை. கிள்ளைப் பக்கத்து வாய்க்காலில் ஒரு கொடுவா முள்ளோடு சுரபுன்னை வேருக்குள் பாய்ந்து கோல் வளையும்போது, அந்த அறையின் மெல்லிய கூரைதான் முதலில் விரியும். கீறல் வழியே உவர்நீர் உள்ளே போகும். அடுத்த பருவத்தில் நூலுக்கு அடியில் பழுப்புக் கறை தெரியும். அதற்கடுத்த பருவத்தில் கைடு ஆடும். வெள்ளாறு, கொள்ளிடம், உப்பனாறு முகத்துவாரங்களில் தூண்டில் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கோலைக் கழுவினாலும் இது நடக்கும். கழுவும் தண்ணீர் எட்டாத இடத்தில் அல்லவா உப்பு உட்கார்ந்திருக்கிறது?

படகுக் கொட்டகையில் கற்றதும், அங்கேயே விட்டுவிட வேண்டியதும்

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகைகளில் நான் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்துக்கொண்டன. ரெசின், ஹார்டனர், மேட், ரோலர் எல்லாம் மீனவர் தெருவின் அன்றாடச் சொற்களாகிவிட்டன. காற்றுக்குமிழோடு இந்தக் கொட்டகைக்காரர்களைப்போல் தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. ஃபைபர் மேட்டுக்குள் காற்று நின்றால் அந்த இடத்தில் படகு பொத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

“பிரஷ்ஷ இழுக்கக்கூடாது தம்பி, குத்தணும். இழுத்தா காத்து உள்ளயே உருண்டுக்கிட்டு இருக்கும். குத்தினா மேல வந்துடும்” என்று ஒரு பெரியவர் சொன்னார். நூல்கட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். காற்றை அமுக்கிப் புதைக்காமல் அதற்கு வெளியே போக வழிவிட வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் விரிவுதான்.

ஆனால் கொட்டகையின் இன்னொரு பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படகுக்கு அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். மழைநாள் என்றால் கொஞ்சம் கூட்டுவார்கள், கத்திரி வெயில் என்றால் குறைப்பார்கள். அங்கே அது சரி. கோலுக்குப் பூசும் எபாக்ஸியில் ஹார்டனர் ஒரு தூண்டுபொருள் அல்ல. ரெசினோடு பங்குக்குப் பங்கு சேர்ந்து, தானும் பூச்சின் உடலாகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று புட்டியில் போட்டிருந்தால் ஒன்றுக்கு ஒன்றுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி என் முதல் கோலைக் கெடுத்தேன். ஒரு மாதம் கழித்தும் விரல் வைத்தால் ஒட்டியது. கடைசியில் கட்டு முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு செய்தி, நம் மண்ணுக்கு நெருக்கமானது. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்து முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயை மரப்படகுக்குப் பூசும் வழக்கம் பழையது. அந்த ஓட்டெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் கார்டனால் என்ற பொருளைக் கொண்டு இன்று எபாக்ஸி ஹார்டனர்களே செய்கிறார்கள். ஈரக் காற்றிலும் குளிரிலும் பிசகாமல் இறுகும் குணம் அவற்றுக்கு உண்டு. கப்பல் பெயின்ட்டுகளில் அவை போவது அதனால்தான். நிறம் செம்பழுப்பு என்பதால் நம் நிற நூல்களின் மேல் பூச உதவாது. இருந்தாலும், நம் ஊர் முந்திரி ஓட்டுக்கும் இந்தப் புட்டிக்கும் உறவு இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

காற்று ஒளிந்திருக்கும் இடங்கள்

பூச்சில் தெரியும் குமிழ் எல்லாம் கலக்கும்போது அடைத்துக்கொண்டவை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கலவையில் வரும் குமிழ் பொடிக்குமிழ். பெரும்பாலும் தானே மேலே வந்து உடைந்துவிடும். தொல்லை தருபவை நூலுக்கு அடியிலும் கோலின் உடலிலும் ஏற்கெனவே இருந்த காற்றிலிருந்து பிறப்பவை. பூசி ஒரு மணி நேரம் கழித்து, நீங்கள் கை கழுவிவிட்டுப் போன பிறகு தலைகாட்டுபவை அவைதான்.

கைடின் காலைப் பாருங்கள். தட்டையான கம்பி உருண்டையான கோலின் மேல் படுத்திருக்கிறது. அதன் மேல் நூல் ஏறி இறங்கும்போது காலின் இரு பக்கமும் முக்கோண வடிவில் ஒரு சுரங்கம் உண்டாகிறது. நூல் தடிக்கத் தடிக்கச் சுரங்கமும் பெரிதாகும். அதனால்தான் கைடு கட்ட ஏ அளவு மெல்லிய நூலையே சொன்னேன். டி அளவுத் தடித்த நூலைப் பெரிய கடல் கோலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலின் நுனியை அரம் வைத்துச் சரிவாகத் தேய்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். நுனி மழுங்கலாக நின்றால் நூல் அங்கே தாண்டிக் குதிக்கும். குதித்த இடத்துக்கு அடியில் காற்று தங்கும்.

வைரக் கட்டில் நிலைமை இன்னும் கடினம். நூல்கள் ஒன்றையொன்று வெட்டிப்போகும் நடுக்கோட்டில் பல அடுக்கு நூல் மேடாக நிற்கும். இரு பக்கமும் பள்ளம். மேட்டுக்கு அடியில், நூலுக்கும் நூலுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத நூறு அறைகள். எபாக்ஸி போய் அந்த அறைகளை நிரப்ப வேண்டும், அங்கே இருக்கும் காற்று வேறொரு வழியாக வெளியே வரவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க நாம் பொறுமையாக இடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது இடம் கோலின் உடல். மூங்கில், மரம், கைப்பிடித் தக்கை எல்லாவற்றிலும் நுண்துளைகள் உண்டு. கார்பன் கோலில் துளை இல்லை. ஆனால் சில கோல்களின் மேல் நாடா சுற்றிய தடம் வரிவரியாக இருக்கும், அந்த வரிகளில் காற்று நிற்கும்.

வேளை

என் இரண்டாவது கோல் கல்மூங்கிலில் செய்தது. நடுவில் பொந்தில்லாத மூங்கில்தானே, காற்றுக்கு இடமில்லை என்று நம்பினேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காலை 7 மணிக்குப் பூசினேன். கண்ணாடிபோல வந்தது. 9 மணிக்கு ஒரு கணுவின் அருகில் கடுகளவு குமிழ் ஒன்று. ஊசியால் குத்தினேன். அரை மணியில் அதே இடத்தில் இன்னொன்று. 10 மணிக்கு எல்லாக் கணுவிலும் வரிசையாக. அதற்குள் பூச்சு இறுகத் தொடங்கியிருந்ததால் ஊசி குத்திய பள்ளம்கூட மூடவில்லை.

காரணம் எளிது. காலையில் பூசினால், அதன் பிறகு அறையின் சூடு ஏறிக்கொண்டே போகிறது. 26 டிகிரியில் இருந்த கோல் 34 டிகிரிக்கு வரும்போது அதன் துளைகளில் உள்ள காற்றில் 100 பங்கு ஏறத்தாழ 103 பங்காக விரியும். மூன்று பங்கு சிறிய அளவுதான். ஆனால் அதற்குப் போக வேறு இடம் இல்லை. பூச்சை முட்டிக்கொண்டு மேலே வரும். சூடு இறங்கும்போது பூசினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். உள்ளே காற்று சுருங்கும். சுருங்கும் காற்று எபாக்ஸியைத் துளைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். அதே மூங்கில், அதே புட்டி, அதே கை. வேளை மட்டும் வேறு. மரவேலைக்காரர்களும் படகுக்காரர்களும் உலகெங்கும் பின்பற்றும் முறை இது. நம் கடற்கரையில் இதை இன்னும் கூடுதல் கவனத்தோடு பின்பற்ற வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நம் மாலையில் ஒரு சிக்கல் உண்டு. கடலூரில் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறும். வெயில் தணியும், ஈரம் கூடும். இரவு ஏற ஏற ஈரம் இன்னும் கூடி விடியற்காலையில் உச்சம் தொடும். எபாக்ஸியின் ஹார்டனருக்கு ஈரம் பகை. இறுகும் முன் ஈரம் பட்டால் மேலே மெழுகு தடவியதுபோல மங்கலான பிசுக்குப் படியும். ஆக, காலையில் பூசினால் குமிழ், இரவில் பூசினால் மங்கல்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சன்னல் இருக்கிறது. பல கோல்களுக்குப் பிறகு நான் அதில் நிலைத்துவிட்டேன். பிற்பகல் 2 மணிக்குக் கோலை வீட்டின் வெப்பமான அறையில், அல்லது மொட்டை மாடிக் கொட்டகை நிழலில் வைத்துவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம். கறுப்புக் கார்பன் கோல் வெயிலில் கை சுடும் அளவுக்கு ஏறிவிடும். கன்னத்தில் வைத்தால் இதமாகச் சுடுகிறது என்றால் போதும். 4 மணிக்கு அதை எடுத்து, சன்னல் சாத்திய, மின்விசிறி நிறுத்திய அறைக்குக் கொண்டுவாருங்கள். அறையைவிடக் கோல் சற்றே சூடாக இருக்கும். அந்த நிலையில் பூசுங்கள். சூடான கோல் எபாக்ஸியை இளக்கும். இளகிய எபாக்ஸி நூலுக்குள் ஓடும். கோல் ஆற ஆறக் காற்று சுருங்கி அதை உள்ளே இழுக்கும். அறையைவிடக் கோல் வெதுவெதுப்பாக இருப்பதால் அதன் மேல் ஈரம் பனிக்காது. 28, 30 டிகிரி அறையில் ஐந்தாறு மணி நேரத்தில் பூச்சு கட்டிவிடும். ராத்திரி ஈரம் உச்சத்துக்கு வரும் முன்பே நாம் கரையேறிவிடுகிறோம்.

ஏசி அறை வைத்திருப்பவர்கள் இதையே வேறு விதமாகச் செய்யலாம். ஏசி காற்றில் ஈரம் குறைவு, நல்லதுதான். ஆனால் பூசி முடித்ததும் ஏசியை அணைத்துவிட்டுப் போனால் அறை சூடேறும். காலை 7 மணிக்குப் பூசி நான் பட்ட பாடு உங்களுக்கும் வரும். ஏசியில் பூசினால் விடியும்வரை ஏசி ஓட வேண்டும். அதைவிட மோசம், ஏசியில் குளிர்ந்த கோலை வெளியே கொண்டுவந்து உடனே பூசுவது. கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் வியர்ப்பதுபோல அந்தக் கோலும் வியர்க்கும். நூல் அந்த ஈரத்தைக் குடித்துவிடும்.

மாதங்களிலும் நல்லது கெட்டது உண்டு. தை, மாசி இதற்கென்றே அமைந்த மாதங்கள்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நான் பூசுவதே இல்லை. நூல் கட்டுவதோடு சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகத்து நண்பர்களுக்கு ஓய்வு கிடைக்கும். கோல் கட்டும் ஆசையும் அப்போதுதான் வரும். ஆனால் அது கத்திரி வெயில். கலவை கையில் நிற்கும் நேரம் பத்து டிகிரி சூட்டுக்குப் பாதியாகக் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அரை மணி நேரம் வேலைசெய்ய விடும் எபாக்ஸி 35-இல் கால் மணி நேரத்தில் பாகாகிவிடும். அந்த மாதங்களில் ஒரு தடவைக்கு இரண்டு கைடுக்கு மேல் கலக்காதீர்கள். ஆடியில் மேல்காற்று வறண்டு வீசும், ஈரம் குறைவு, தூசிதான் தொல்லை. ஈரமும் சூடும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்.

பூசும் முன்

கடலோரத்தில் வைத்திருந்த கோலின் மேல் உப்புப் படலம் இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். கட்டும் முன்பே நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்திருக்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு நூலைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்ஸி விலகி வட்டமாகப் பள்ளம் விழும். அது குமிழ் அல்ல, ஆனாலும் குமிழ் என்று எண்ணி ஊசியோடு போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூங்கில் கோல் என்றால் நூல் கட்டுவதற்கு முன்னமே மெல்லிய பூச்சு இரண்டு கொடுத்துத் துளைகளை அடைத்துவிடுங்கள். மேலே சொன்ன என் கல்மூங்கில் கோல் அதைச் செய்திருந்தால் காலையில் பூசியும் பிழைத்திருக்கக்கூடும்.

நிறங்காப்பான் பூசுவதா வேண்டாமா என்பது நூலைப் பொறுத்தது. வெறும் நைலான் நூலின் மேல் எபாக்ஸி பட்டால் நிறம் ஆழ்ந்துவிடும். வெள்ளை நூல் கண்ணாடிபோல மறைந்து அடியில் உள்ள கோல் தெரியும். சிலருக்கு அந்த ஆழம் பிடிக்கும், எனக்கும் சிவப்பு நூலில் பிடிக்கும். நிறம் மாறக்கூடாது என்றால் தண்ணீரில் கரைந்த அக்ரிலிக் நிறங்காப்பானைப் பூசுவீர்கள். அது முழுவதும் உலர வேண்டும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். வைரக் கட்டின் மேட்டுக்கு அடியில் ஈரம் இருக்கும். நம் ஊரில் ஒரு முழு நாள், மழை வாடை இருந்தால் இரண்டு நாள் விடுங்கள். அடியில் தங்கிய ஈரம் பால்போன்ற வெண்மையாகவும் குமிழாகவும் பின்னால் வெளிப்படும்.

கலக்குவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு புட்டிகளையும் மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மார்கழியில் ரெசின் தேன்போலக் கெட்டியாகும், அப்போது இது கட்டாயம். புட்டியை நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 3 மி.லி. போதும். மருந்துக்கடை சிரிஞ்சில் ரப்பர் அடைப்பான் இருக்கும். அதன் மேல் தடவிய சிலிக்கோன் கலவையில் கலந்தால் பூச்சில் பள்ளம் விழும். ரப்பர் இல்லாத சிரிஞ்சு கிடைக்காவிட்டால் இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட பிளாஸ்டிக் குப்பியால் அளந்துகொள்ளுங்கள். நகைத் தராசில் எடை போடாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று என்பது கன அளவு, ரெசின் ஹார்டனரைவிட எடை கூடியது.

ஐஸ்கிரீம் குச்சியால் கலக்க வேண்டாம், மரக்குச்சி தன் காற்றையும் சேர்த்து விடும். எவர்சில்வர் கரண்டிக் காம்பு நன்று. வேகம் வேண்டாம், அடித்துக் கலக்குவது ஆம்லெட்டுக்கு. காம்பைத் தூக்காமல், அடியையும் ஓரத்தையும் வழித்து, மூன்று நான்கு நிமிடம் நிதானமாகச் சுற்றுங்கள். சரியாகக் கலக்காத எபாக்ஸி குமிழைவிடப் பெரிய கேடு; குமிழுக்குப் பயந்து கலக்குவதைக் குறைக்காதீர்கள். கலந்ததும் அலுமினியத் தாளில் கவிழ்த்து அகலப் பரப்பிவிடுங்கள். குப்பியில் குவிந்திருந்தால் தன் சூட்டில் தானே சீக்கிரம் இறுகும். தாளில் பரந்தால் ஆறும், பொடிக்குமிழ்கள் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்து உடையும்.

தின்னர் அல்லது அசிட்டோன் இரண்டு சொட்டு விட்டு இளக்குவோர் உண்டு. நான் விடுவதில்லை. பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட தின்னர் ஆவியாகும்போது அதுவே குமிழாகிறது. இளக்க வேண்டுமா, கோலைச் சூடாக்குங்கள்.

கைக்கு நைட்ரைல் உறை போடுங்கள். ஹார்டனர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் விடாது.

முதல் பூச்சு: குடிக்க விடுங்கள்

அழகான, தடித்த, கண்ணாடிப் பூச்சு ஒன்றை ஒரே தடவையில் போட்டுவிட ஆசை வரும். அந்த ஆசைதான் குமிழை அடைத்துப் பூட்டும். முதல் பூச்சின் வேலை அழகு அல்ல. நூலையும் சுரங்கத்தையும் நிரப்புவது மட்டும்.

கைடிலிருந்து தொடங்குங்கள். சுரங்கத்துக்கு இரண்டு வாய்: கைடின் வளையத்துக்கு அருகில் ஒன்று, கால்நுனியில் ஒன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் எபாக்ஸி வைத்தால் நடுவில் காற்று சிறைப்படும். வளையத்துப் பக்க வாயில் மட்டும் ஒரு சொட்டு வையுங்கள். வைத்துவிட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது நூலுக்கு அடியில் ஊர்ந்து போகும். நூலின் நிறம் மாறிக்கொண்டே வருவதை வைத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சொட்டு வற்றினால் இன்னொரு சொட்டு. நுனியில் காற்று சின்னச் சின்ன முத்தாக வெளியேறும். நுனி முழுவதும் நனைந்து நிறம் மாறிய பிறகே மேலே பூசிச் சுற்றி வர வேண்டும். ஒரு கைடுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அவசரப்பட ஒன்றுமில்லை, தாளில் பரப்பிய எபாக்ஸி காத்திருக்கும்.

வைரக் கட்டுக்கும் இதே முறைதான், திசை மட்டும் வேறு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒரு பக்கப் பள்ளத்தின் வழியே வழியவிடுங்கள். நடு மேட்டின் மேல் நேராகப் பூசாதீர்கள். அது காற்றறைகளுக்கு மூடி போடுவதாகும். பள்ளத்தில் நின்ற எபாக்ஸி மேட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்த்த பிறகு கோலைத் திருப்பி மறுபக்கம் தொடருங்கள். இந்த வேலைக்கு நான் பிரஷ்ஷைவிடப் பழைய ஏடிஎம் கார்டில் வெட்டிய மெல்லிய பட்டையை விரும்புகிறேன். பிரஷ்ஷின் மயிர்க்கட்டுக்குள் ஒவ்வொரு முக்கலுக்கும் காற்று ஏறுகிறது. பட்டையில் அது இல்லை. பிரஷ்தான் வேண்டும் என்றால் மயிரைப் பாதியாக வெட்டிக் கட்டையாக்கி, அந்தப் பெரியவர் சொன்னபடி குத்துங்கள், இழுக்காதீர்கள்.

எல்லாம் நனைந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கோலை அசையாமல் நிறுத்திவிடுங்கள். மிச்ச எபாக்ஸி அடியில் தொங்கும். அதைப் பட்டையால் வழித்தெடுங்கள். கோலை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி தொங்கவிட்டு வழித்தெடுங்கள். நூலின் வரி வரியான தோற்றம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விட்டால் முதல் பூச்சு சரி. காற்றுக்கு மேலே வரச் சிறிது தூரம்தான், எளிதாக வந்துவிடும். மறுநாள் அதே வேளையில் இரண்டாவது பூச்சு. அதில் தாராளமாக இருங்கள். அடியில் காற்று இல்லை என்பதால் குமிழும் வராது.

சுடர்

மேலே வந்தும் உடையாமல் நிற்கும் குமிழுக்கு ஸ்பிரிட் விளக்குச் சுடர் காட்டுவது வழக்கம். பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் அந்த விளக்கு கிடைக்கும். சுடர் குமிழை நேராக உடைப்பதில்லை. சூடு எபாக்ஸியை நீராக இளக்க, குமிழின் தோல் மெலிந்து தானே உடைகிறது. ஆகவே ஒரு கணம் போதும். சுழலும் கோலுக்கு இரண்டு விரல் தள்ளிக் கீழே சுடரைப் பிடித்து, நிற்காமல் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நின்றால் எபாக்ஸி கொதித்து நூறு புதிய குமிழ்களைப் பெற்றெடுக்கும்.

மெழுகுவத்தியும் சூடமும் கரி விடும், வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம். மூச்சில் ஈரம் இருக்கிறது, அதுவும் நம் ஊர்க் காற்றோடு சேர்ந்து பூச்சை மங்கலாக்கும். ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் ஆல்கஹால் துணி இருக்கக்கூடாது. இருபது நிமிடத்துக்குப் பிறகு சுடரை எடுக்காதீர்கள். அதற்குள் பூச்சு தடிக்கத் தொடங்கியிருக்கும். உடைத்த குமிழின் குழி மூடாது.

சுழற்சி

பூச்சு இறுகும்வரை கோல் மெதுவாகச் சுழல வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தொங்கும். நிமிடத்துக்கு ஐந்து முதல் இருபது சுற்று எதுவானாலும் சரி. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் இதற்கு அருமையாகப் பொருந்தும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. மோட்டாரின் மேல் 220–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் குறைந்த வோல்ட் இருக்கும், நேரடியாகச் சொருகினால் எரிந்துவிடும். வேகமாகச் சுழற்றினால் குமிழ் போகும் என்று எண்ண வேண்டாம். எபாக்ஸி அலையலையாக மடியும், அவ்வளவுதான்.

பூசும் நாளில் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். எதிர்பாராமல் மின்சாரம் போனால் பதற வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கையால் அரைச்சுற்றுத் திருப்பினால் போதும். நான் ஒரு முறை இரவு 9 மணிவரை அப்படித் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் உள்ள கோல்களில் பூச்சு மிகத் தெளிவாக வந்தது அதில்தான். கண் அகலாமல் பக்கத்திலேயே இருந்ததால் எழும்பிய ஒவ்வொரு குமிழையும் அது பிறந்த கணத்திலேயே கவனிக்க முடிந்தது.

சிதம்பரத்தில் அந்தி சாய்ந்தால் கொசு. ஈரப் பூச்சில் விழுந்த கொசு இரண்டு இறக்கையையும் விரித்தபடி காலத்துக்கும் அங்கே இருக்கும். கொசுவத்திப் புகையும் தூசும் படிந்துவிடும். குழந்தைக்குக் கவிழ்க்கும் கொசுவலைக் கூடையை மோட்டாரோடு சேர்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

அப்படியும் நின்றுவிட்டால்

இறுகிய பிறகு குமிழைக் கண்டுபிடித்தால், அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பூச்சின் மேல்தோலில் இருந்தால் 24 மணி நேரம் கழித்துக் கூரிய பிளேடால் அதன் கூரையை மட்டும் சீவி எடுங்கள். 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தைச் சமன் செய்து, உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்து, குழிக்கு ஒரு சொட்டு எபாக்ஸி வைத்து, பிறகு முழுவதும் ஒரு மெல்லிய பூச்சு. புதிய எபாக்ஸி படிந்ததும் பழைய தழும்பு தெரியாது.

நூலுக்கு அடியில், கைடின் கால் ஓரத்தில் வெள்ளிபோல மினுங்கும் கோடு தெரிந்தால் அது சுரங்கத்துக் காற்று. அதை மேலிருந்து தோண்ட முயலாதீர்கள்; நூல் அறுந்தால் கட்டே போயிற்று. அந்தக் கோடு காலின் பாதி நீளத்துக்குக் குறைவு, இரண்டு வாயும் நன்றாக அடைபட்டிருக்கிறது என்றால் விட்டுவிடலாம். இரண்டாம் பூச்சில் வாய்களுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். பாதிக்கு மேல் என்றால் கைடைப் பிரித்து மறுபடி கட்டுவதுதான் வழி. காலின் மேல்பக்கத்தில், உலோகத்துக்கு மேலே மட்டும் பிளேடு ஓடட்டும். கோலின் மேல் பிளேடு பட்டால் கார்பன் இழை வெட்டுப்படும். அங்கேதான் ஒரு நாள் கோல் முறியும்.

வைரக் கட்டில் உப்புத்தாள் தேய்க்கும்போது நடு மேட்டில் கவனம். பள்ளத்தில் பூச்சு தடிமனாக இருக்கும், மேட்டில் ஒரு தோல்தான். அங்கே நூல் வெட்டுப்பட்டால் பஞ்சுபோல இழை கிளம்பும். அதைப் பூசி மறைக்க முடியாது. கிளம்பிய இழையைச் சுடர் காட்டிக் கருக்கி, அடியோடு வெட்டி, அதற்கு மேல் பூசுங்கள். பூசியபின் மூன்று நாள் தொடாமல் விட்டுவிட்டு, நான்காம் நாள் வெயில் சாயும் நேரத்தில் வெள்ளாற்றுக்கு எடுத்துப் போங்கள்.